நிறம் மாறாத மீன்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சாட்சிகள் இருக்கிறார்கள். ஒரு காலனி முழுக்க இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் பாலாற்றங்கரைப் பக்கம் இறங்கி, ‘மீன்காரத் தம்பி’ என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். (ஊர்ப் பெயரை எழுதவில்லை. அக்கா படித்தால் உதைப்பாள்.)

இதில் இன்னொரு சங்கடம், நான் படித்த முட்டாள். எம்.எஸ்சி. வேதியியல், அதற்கு மேல் ஆராய்ச்சி. படிக்காதவன் உளறினால் அந்த இடத்திலேயே நாலு பேர் சிரித்து, விஷயம் முடிந்துவிடும். படித்தவன் உளறினால் யாரும் சிரிப்பதில்லை. நம்பிவிடுகிறார்கள்.

அப்போது நான் வேலூரில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவன். எங்களிடம் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மிட்டாய்க் கடையில் மாஸ்டர் துணியில் மாவை வைத்து ஜாங்கிரி பிழிகிறாரே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். இது மாவுக்குப் பதிலாக ஒரு பசையை, தலைமுடி கனத்துக்கு, கம்ப்யூட்டர் சொன்ன வளைவில் பிழியும். அது காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு அடுக்கு. அதன் மேல் இன்னொன்று. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தட்டில் ஒரு முழுப் பொருள் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பசையில் நான் ஒரு மருந்து கலந்திருந்தேன். தண்ணீரில் குரோமியம் என்கிற உலோகம் கரைந்திருந்தால் அந்த மருந்து ஊதாவாக மாறும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து நகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். நூலில் கட்டித் தண்ணீரில் விட்டால் போதும், கண்ணிருக்கிற யாரும் பதிலைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. தோல் பதனிட குரோமியம் இல்லாமல் முடியாது. ஆகவே நான் ஊரைக் காப்பாற்றப் போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். ஊர் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் பேராசிரியர் அதைச் சின்ன வட்டமாக, பொட்டு மாதிரி அச்சடிக்கச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. வட்டம் மாத்திரை போல இருக்கிறது, மக்களுக்கு மாத்திரை என்றால் பயம் என்று வாதாடினேன். (மக்களைப் பற்றி எனக்கு அப்போது ஏராளமான அபிப்பிராயங்கள்.) மீன் வடிவத்தில் செய்தேன். தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வர உடம்பு முழுக்க வலைப் பின்னல். வாலில் நூல் கோக்க ஒரு துளை. கண்கூட வைத்தேன். மீனுக்குக் கண் இருப்பதால் விஞ்ஞானத்துக்கு ஒரு நன்மையும் கிடையாது. ஆனால் அந்தக் கண் உருண்டையாக வருவதற்கு நான் பட்ட பாட்டில் பாதியை மற்ற விஷயங்களில் பட்டிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

ஆய்வகத்தில் என் மீன்கள் பிரமாதம். அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குரோமிய உப்பு இருந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து மீனை விட்டால், வாலிலிருந்து தலை வரை நாவல்பழச் சாறு ஏறுவது போல ஊதா ஏறும். பார்க்க வந்த ஒவ்வொருவரும் போன் எடுத்து வீடியோ பிடித்தார்கள். நான் உப்பைப் போடுவேன், மீன் அதைக் கண்டுபிடிக்கும். இந்த ஏற்பாட்டில் ஏதோ ஒன்று ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இனி அக்கா. பெயர் மலர். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். அவள் கணவர் வேலு மாமாவுக்கு தோல் பதனிடும் டேனரி ஒன்றில் டிரம் வேலை. ஆள் உயரத்துக்கு மேல் பெரிதான மர டிரம்களில் தோலையும் குரோம் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். தோல் நீலமாக வெளியே வரும், மாமாவின் கையும் கொஞ்சம் நீலமாக வரும்.

அவர்கள் காலனிக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் புரட்டி வைப்பார்கள். பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவித் தள்ள வேண்டும். காலகாலமாகக் கழுவிய உப்பெல்லாம் எங்கே போகும்? தரைக்குள் இறங்கியது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ போட்டால் பால் திரிந்துவிடும். துணி துவைக்கலாம், துவைத்த துணி காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும்.

காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து சண்டை போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரவழைத்திருந்தார்கள். அந்தச் சண்டையில் முதல் வரிசை அக்காவும் பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவும். இருவரும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், மதியம் டிபன் பாக்ஸ்கூட மாற்றிக்கொள்ளும் தோஸ்துகள். ஷமீம் அக்காவின் கணவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினம் கேன் வாங்க அவர்கள் வருமானத்தில் வழியில்லை. அந்த லாரி மற்றவர்களுக்குச் சௌகரியம். அந்த மனிதருக்கு மருந்து.

இந்த நிலையில்தான், ‘கிணறு இருக்கும்போது லாரி எதற்கு’ என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். ஓர் அதிகாரி சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார், அவர் பார்த்ததை வைத்து லாரி தொடரும் அல்லது நிற்கும் என்று செய்தி வந்தது. அக்கா போனில் இதைச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வரலாறு என்னை அழைக்கிறது என்று நினைத்தேன்.

“அக்கா, கவலைய விடு. நான் என் மீனை எடுத்துட்டு வர்றேன். ஆபீசர் கண்ணு முன்னாடியே ஊதா காட்டுறேன்.”

“அதெல்லாம் வேணான்டா. வந்தா சாப்ட்டுட்டுப் போ.”

“இல்ல கா, சயின்டிஃபிக்கா நிரூபிச்சா அந்தாளு வாயே தொறக்க முடியாது.”

“வாய் தொறந்தாத்தான்டா எனக்கு ஆகும். அந்தாளு கையில நான் ஒரு டீ குடுக்கப் போறேன். அத்தோட முடிஞ்சிடும்.”

பாவம் அக்கா, வந்தவரை உபசரித்தால் காரியம் நடந்துவிடும் என்று நம்புகிறாளே என்று நான் உச்சுக்கொட்டினேன். அந்த டீ எந்தத் தண்ணீரில் போடப்போகிற டீ என்று யோசிக்க எனக்கு எம்.எஸ்சி. இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வெயில் தெரிந்தவர்களுக்கு அது எந்த அளவு புத்தி என்று புரியும். ஆட்டோவில் ஒரு பெரியவர் என்னிடம் நெஞ்சுவலிக்கு மாத்திரை கேட்டார்.

காலனியில் ஷமீம் அக்கா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மலரு, உன் தம்பி வந்துக்கிறாரு பாரு. யாருக்கு ஆபரேசனு?”

“அவனுக்குத்தான். தலையில,” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கெட்டவராக இருந்தால் எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும். அமைதியான, மரியாதையான மனிதர். வெயிலில் வந்ததற்கு ஒரு முணுமுணுப்பு இல்லை. பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். (அந்தத் தொட்டி கட்டிய நாளிலிருந்து கொடுத்தது நிழல் ஒன்றுதான்.) பெண்கள் சுற்றி நின்றார்கள். அன்று கம்பெனிக்கு லீவு போட்டவர்கள். மாமாவுக்கு லீவு கிடைக்காமல் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

அக்கா தட்டில் ஒரே ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். அத்தனை பேர் நிற்க ஒரே டம்ளர். அதிகாரி கை நீட்டி வாங்கினார். சட்டென்று சுற்றிலும் பேச்சு நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அதன் வாயைப் பொத்தினாள். அத்தனை கண்களும் அந்த டம்ளர் விளிம்பில்.

நான் எட்டிப் பார்த்தேன். டீ திரிந்திருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. எனக்கு மானம் போய்விட்டது. ஒரு பெரிய அதிகாரிக்கு, என் அக்கா வீட்டில், கெட்டுப்போன டீ.

“சார், சார், அதைக் குடிக்காதீங்க,” என்று பாய்ந்து அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன். “தெரியாம கிணத்துத் தண்ணில போட்டுட்டாங்க. மன்னிச்சுக்கோங்க.”

என் பையில் புது வாட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. சீலை நானே உடைத்து, பணிவாக இரண்டு கையாலும் கொடுத்தேன். அதிகாரி நன்றி சொல்லி நிதானமாக நாலு வாய் குடித்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

“ஐயோ அல்லா,” என்று ஷமீம் அக்கா மெதுவாகச் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு என் அரங்கேற்றம். அதிகாரியின் பாட்டிலிலிருந்தே ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றினேன். என் சீசாவிலிருந்து அந்த ஆரஞ்சு உப்புக் கரைசலில் ஒரு சொட்டு. “இப்ப இதுல குரோமியம் இருக்கு சார். நம்ம கண்ணுக்குத் தெரியாது. மீன் கண்ணுக்குத் தெரியும்,” என்றேன். (இந்த வசனத்தைக் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தேன்.) மீனை விட்டேன். ஊதா ஏறியது. அதிகாரி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். பெண்கள்கூடக் கைதட்டினார்கள். ஒரு நிமிஷம், அக்காவின் முகத்திலும் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. போகட்டும், டீ போனாலும் இவனாவது ஏதோ செய்கிறானே என்கிற முகம்.

“இப்ப புது மீன் ஒண்ணைக் கிணத்துத் தண்ணில விடுறேன் சார். எவ்ளோ வேகமா மாறுதுன்னு பாருங்க.”

வாளியில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வைத்தார்கள். மீனை விட்டேன். எல்லோரும் குனிந்தோம்.

மீன் வெள்ளையாக இருந்தது.

நூலை ஆட்டினேன். வெள்ளை. “கொஞ்சம் டைம் எடுக்கும் சார்,” என்றேன். எடுத்தது. வெள்ளையாகவே எடுத்தது. மீன் சரியில்லை என்று வேறு மீன் மாற்றினேன். அதுவும் வெள்ளை. தெருக்கோடி போர்வெல் தண்ணீரில் விட்டேன். துவைத்து வைத்த வேட்டி மாதிரி பளிச்சென்ற வெள்ளை. கோட்டுக்குள் எனக்கு வியர்வை ஆறாக ஓடியது. அந்தக் காலனியிலேயே அதிகமான உப்புத் தண்ணீர் அந்த நேரத்தில் என் முதுகில்தான் இருந்தது.

கடைசியில் அதிகாரிதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

“ஏன் தம்பி முகம் வாடுது? இது நல்ல நியூஸ்தானே. தண்ணில கெமிக்கல் இல்ல. நீங்கல்லாம் சந்தோஷப்படணும்.”

அக்கா முன்னால் வந்தாள். “சார், கெமிக்கலு கதைய உடுங்க. ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. எனக்காகக் குடிங்க.”

“அதான் உங்க தம்பியே டெஸ்ட் பண்ணிட்டாரேம்மா. இதுக்கு மேல நான் என்ன குடிச்சுப் பார்க்குறது?” என்றார் அவர், என் பாட்டிலிலிருந்து இன்னொரு வாய் குடித்தபடி.

“உப்பு சார். உப்பு ஜாஸ்தி.”

“உப்பு எந்த ஊர்லம்மா இல்ல.”

அவர் போகும்முன் ஊதா மீனையும் வெள்ளை மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். என்னை நடுவில் நிறுத்தி இன்னொரு போட்டோ. நான் சிரித்தேன். கேமராவைப் பார்த்தால் சிரித்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் படத்தில் வெள்ளைக் கோட்டும் வெள்ளை மீனுமாக, காலனித் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்கும் விளம்பர மாடல் போல இருப்பேன்.

ஜீப் போனது. அக்கா அந்தத் திரிந்த டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து மாமா வந்தார். நடந்ததை எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய ஜூஸ் பாட்டில். உள்ளே பச்சையும் நீலமுமாக மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர்.

“மச்சான், இது டிரம்முலேர்ந்து புடிச்சாந்தது. தோல் போட்ற தண்ணி. சுத்த குரோமு. இதுல உடு உன் மீன.”

விட்டேன். நீலத் தண்ணீரில் மீன் நீலமாக நனைந்தது. எடுத்துக் கழுவினேன். நீலம் தண்ணீரோடு போய்விட்டது. உள்ளே வெள்ளை. ஊதாவின் வாசனைகூட இல்லை.

மாமா மீனைக் கையில் வாங்கி, நான் அரும்பாடுபட்டுச் செய்த கண்ணை உற்றுப் பார்த்தார்.

“குரோமுலயே முக்கினாலும் குரோமு இல்லேன்னுது. இது யாரு பக்கம் மச்சான்?”

வாசலுக்கு ஓடிப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது.

விஷயம் இதுதான். குரோமியம் தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று ஆரஞ்சு நிற உப்பில் இருப்பது, கொடிய விஷம். இன்னொன்று தோல் பதனிடுகிற நீலத் தண்ணீரில் இருப்பது. என் மருந்து முதலாவதை மட்டும்தான் பிடிக்கும். இரண்டாவது பக்கத்தில் வந்து நின்றாலும் கண்டுகொள்ளாது. எங்கள் ஊர் டிரம்களில் ஓடுவது இரண்டாவது. அதுவும்கூடப் பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும், கிணறு வரை வருவது கம்மி.

“இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாதா?” என்றார் பேராசிரியர்.

“தெரியும் சார்.”

தெரியும் என்பதுதான் இதில் அசிங்கம். ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் அந்த முதல் வகைக்குத்தான் மருந்து வைத்திருந்தார்கள், அதுதான் அழகாக ஊதா காட்டியது, வீடியோவுக்கும் நன்றாக வந்தது. ஆகவே அதை எடுத்துக்கொண்டேன். உலகத்தில் என் மீன் தவறாமல் கண்டுபிடித்த குரோமியம் ஒன்றே ஒன்று: என் சட்டைப்பையிலிருந்து நானே எடுத்து ஊற்றியது.

இதெல்லாம்கூட இரண்டாம் பட்சம். காலனிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது குரோமியம் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. அவர்கள் சொன்னது உப்பு. அதை ஒரு டீயால் நிரூபித்துவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டு, ஒரே டம்ளரை எடுத்து வந்தாள். வந்தவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மாட்டார், ஒரு வாய் உள்ளே போனால் துப்பாமல் இருக்க முடியாது, அத்தனை பேர் பார்க்கத் துப்பியவர் பிறகு தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. அதைப் பிடுங்கியவன் நான்.

திங்கட்கிழமை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். கோட்டு இல்லாமல்தான் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார்.

“சார், அந்த மீன் தப்பு சார்.”

“எந்த மீன்?”

“எல்லா மீனும். அது அந்த வகைக் குரோமியத்தைப் பார்க்காது சார். அதோட, அந்தத் தண்ணில பிரச்சினை குரோமியமே இல்ல. உப்புதான். நான் சொன்னதை நீங்க எடுத்துக்கக் கூடாது.”

அவர் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

“தம்பி, ஒண்ணு ஊதா, ஒண்ணு வெள்ளை. என் கண்ணால பார்த்தேன். மேல அனுப்பிட்டேன். பெரியவங்கல்லாம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க. சனிக்கிழமை விஞ்ஞானியா இருந்தீங்க, திங்கட்கிழமை இல்லேன்னா நான் எதைத்தான் நம்புறது?”

நியாயமான கேள்வி.

லாரி நின்றது. சொல்லிவிட்டுக்கூட நிற்கவில்லை. ஒருநாள் வரவில்லை, அதற்கப்புறம் வரவேயில்லை. வெயில் காலம் ஆரம்பித்திருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டாரில் நல்ல தண்ணீர் வரும், கரண்ட் இருக்கும்போது. அக்கா விடிவதற்கு முன்பே குடத்தோடு தண்டவாளம் தாண்டிப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்து சமைத்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். பல நாள் பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விடும். நான் விடுமுறைகளில் போய்க் குடம் சுமந்தேன். இடுப்பில் குடம் வைக்கத் தெரியாமல் பாதியைக் கீழே கொட்டிக்கொண்டு வருவேன். பரிகாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அக்காவின் வேலைதான் கூடியது, எனக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும்.

ஷமீம் அக்காவின் கணவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாள் கேன் வாங்கினார்கள். கொஞ்ச நாள் அக்கா ஒரு குடம் கூடச் சுமந்து கொடுத்தாள். அவருக்குக் கால் வீங்கி, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். திரும்பி வந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு வாணியம்பாடியில் ஷமீம் அக்காவின் அம்மா வீட்டுக்கே போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற அன்று நான் அங்கே இருந்தேன். பீரோவை ஒருபக்கம் நான் பிடித்தேன்.

“தம்பி, மனசுல வச்சிக்காதீங்க,” என்றார் ஷமீம் அக்கா. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க.”

என்னை யாராவது திட்டியிருக்கலாம் என்று நான் ஆசைப்பட்ட இடங்களில் இது இரண்டாவது.

வண்டி கிளம்பியதும் அக்கா பூட்டின அந்த வீட்டுக் கதவை ஒரு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு மதியத்துக்குக் கட்டி வைத்திருந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தனியாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தாள். ஷமீம் அக்கா அந்த வேலையையும் விட்டுவிட்டார். அவர் கணவர் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. லாரி நின்றதால்தானா என்று டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

அப்புறம் காலனிக்குக் குழாய் வந்தது. குழாயில் தண்ணீர் வருவது வேறு சமாச்சாரம். மழைக்காலத்தில் வரும்.

எங்கள் குடும்பத்தில் சிரிக்காமல் எதையும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. மாமாதான் ஆரம்பித்தார். சாம்பார் புளித்துவிட்டதா என்று அக்கா சந்தேகப்பட்டால், “மச்சான கூப்புடு, ஒரு மீனு உட்டுப் பார்ப்போம்” என்பார். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டாரைப் பற்றி அம்மா விசாரிக்கச் சொல்ல, “ஏன் பேஜாரு? மீனு வெள்ளையா இருந்தா நல்ல எடம்” என்றார். கல்யாண மேடையில் என் மனைவி காதில் யாரோ இந்தக் கதையை ஓதிவிட்டார்கள். நான் ஏதாவது ஒன்றை ரொம்ப உறுதியாகச் சொன்னால், இப்போது அவளும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஊதாவா, வெள்ளையா?” என்று கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் அந்த நேரத்தில் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. அந்த மீன்களுக்காகவேதான் கிடைத்தது என்பதை இங்கே வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். சென்ற மாதம் புது மீன்கள் அச்சடித்தேன். ஒரே மீனில் பல பட்டைகள். ஒரு பட்டை செம்பைப் பிடிக்கும், ஒன்று ஈயத்தை, ஒன்று அந்த நீலத் தண்ணீர்க் குரோமியத்தையும் பிடிக்கும். மாமா டிரம்மிலிருந்து கொடுத்தனுப்பிய தண்ணீரிலேயே சோதித்துவிட்டேன். கண் வைக்கவில்லை.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. போன் போட்டேன்.

“அக்கா, பார்த்தியா? இது தப்பே பண்ணாது. எல்லாத்தையும் சோதிச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை எடுத்துனு வரட்டுமா?”

பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றது.

“வர்றப்போ ரெண்டு கேன் தண்ணி எடுத்துனு வா.”